நிலாவைக் கும்பிட்ட அக்கா

நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் வீட்டுப் பின்னறைக்கு, பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்ய வந்த இங்கிலாந்துக்காரி ஒருத்தி குடிவந்தாள். எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சிறிய கிறிஸ்தவ சபையில் பிரசங்கமும் செய்வார். வெள்ளைக்காரி என்றால் வேதக்காரிதான் என்று நம்பி, அம்மா முதல் ஞாயிறன்றே அவளை ஆராதனைக்குக் கூப்பிட்டாள். அவள் வரவில்லை.

அவள் ஒரு பாதிரியாரின் மகளாம். ஆனால் சபையை விட்டு விலகி, நிலவையும் பூமியையும் தாய்த்தெய்வமாகக் கும்பிடும் புதுக் கூட்டத்தில் சேர்ந்திருந்தாள். அதற்கு விக்கா என்று பெயர். அதில் பலர் தங்களைச் சூனியக்காரிகள் என்றே சொல்லிக்கொள்வார்களாம்.

இது தெரிந்த நாளிலிருந்து அம்மா பின்னறைப் பக்கம் போவதில்லை. சபைப் பெரியவர் ஒருவர் வந்து, “அந்தப் பொம்பளைய இன்னும் எம்புட்டு நாளைக்கு வச்சிருப்பீக?” என்று கேட்டார்.

“அது யாருக்கும் கெடுதல் நினைக்கல. என்னதான் சொல்லுதுன்னு கேட்டுப் பாக்குறேன்” என்றார் அப்பா.

சாயங்காலங்களில் பள்ளிக்கூடக் களைப்போடு அவளிடம் பேசிக்கொண்டிருப்பார். “படைச்சவர விட்டுட்டுப் படைப்பக் கும்பிடுறியேம்மா” என்பார். “இரண்டும் ஒன்றுதான் சார்” என்பாள் அவள், புதிதாகப் படித்த தமிழில். கடைசிவரை இருவரும் ஒத்துப்போகவில்லை. அறையைக் காலி செய்யவும் அப்பா சொல்லவில்லை.

ஒருநாள், கிராமத்து அம்மன் கோயில் ஒன்றைப் பார்க்க வேண்டும் என்றாள். அப்பா வெகுநேரம் யோசித்துவிட்டு, கொட்டாம்பட்டிப் பக்கம் இருந்த தன் சொந்த ஊருக்கே கூட்டிப்போனார். வேதத்துக்கு மாறிய தாத்தா விட்டுவந்த ஊர். நானும் போனேன்.

பூசாரி அவளைக் கண்டதும் எழுந்து, “வாங்கம்மா, உள்ள வாங்க” என்றார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய், நெற்றி தரையில் பட விழுந்து அழுதாள். பூசாரி எங்களிடம் திரும்பி வந்தார். அப்பாவை உற்றுப் பார்த்தார்.

“நீ எங்க பண்ணையில கெடந்தவன் மகன்தானப்பா? அங்கனயே நில்லு.”

அப்பா நின்றார். வெயிலுக்குத் தன் கைக்குட்டையை என் தலையில் போட்டுவிட்டார்.

திரும்பும் பஸ்ஸில் அவள் முகம் தெளிந்திருந்தது. “உள்ளே வர உங்கள் கடவுள் விடமாட்டாரா சார்?” என்று பரிவோடு கேட்டாள்.

அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, “அவரு ஒண்ணும் சொல்லலம்மா” என்றார்.

வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். என்ன ஆச்சு என்று அம்மா கேட்டாள். நான்தான் சொன்னேன், “ரொம்ப நேரம் வெயில்ல நின்னாரும்மா.”