பேர் ஒன்று, படம் ஒன்று: சிவகாசிக்குப் போன சீஸ்

2007, ஜூலை. கொடைக்கானலில் காலை ஆறரைக்குப் பஸ் ஏறும்போது ஸ்வெட்டர் போட்டிருந்தேன். மதுரையில் மாறி, பகல் பன்னிரண்டுக்கு விருதுநகரில் இறங்கியபோது சட்டையே பாரமாக இருந்தது. எனக்கு வெயில் பரவாயில்லை. மடியில் இருந்த தெர்மாகோல் பெட்டிக்குத்தான் ஆகாது. அதற்குள் நானும் மனைவியும் செய்த மூன்று வகை சீஸ்: மஞ்சள், மிளகு போட்டது, நீலப் பூஞ்சை ஓடியது. பஸ் நிலையத்துக்கு வெளியே ஐஸ்காரரிடம் பத்து ரூபாய்க்கு ஐஸ் கேட்டேன். பாதி ஐஸ் கொடுத்தார், பாதி தண்ணீர் கொடுத்தார். அங்கேயே கோபம் தொடங்கிவிட்டது.

போகிற காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். சிவகாசியில் அச்சகம் நடத்தும் சண்முகராஜ் என் வாடிக்கையாளர். ஜெர்மனிக்கு அச்சு மெஷின் கண்காட்சிக்குப் போனவருக்கு, சின்னதாக ஒரு ஆலை வைத்துத் தன் கைப்பக்குவத்தில் பீர் காய்ச்சும் ஒருவர் பழக்கமானார். அந்த பீர் கோவா ஓட்டல்களுக்கு வரப்போகிறது. பீர் பெட்டிக்குள் சண்முகராஜ் அச்சடிக்கும் ஒரு அட்டை; அதில் அந்த பீருக்குப் பொருத்தமான நம் நாட்டு சீஸ் ஒன்றின் படமும் பேரும். எது பொருந்தும் என்று நான் ருசி பார்த்துச் சொல்ல வேண்டும். அட்டையில் ஏறினால் கோவா ஓட்டல்கள் என்னிடம் வாங்கும். ஏறாவிட்டால் சீசனுக்கு வரும் சுற்றுலாக்காரர்களை நம்பி மலையிலேயே கிடக்க வேண்டியதுதான்.

விருதுநகரிலிருந்து சிவகாசி இருபத்தேழு கிலோமீட்டர். கண்டக்டர் பெட்டியைத் தட்டிப் பார்த்தார்.

"உள்ள பட்டாசா? பட்டாசுன்னா எறங்கிருங்க."

"சீஸ்ங்க."

மூடியைத் திறக்கச் சொன்னார். குனிந்தவர் சட்டென்று நிமிர்ந்தார். "இதுக்குப் பட்டாசே தேவலை. பின்னாடி போய் உக்காருங்க."

கடைசி சீட்டில் குலுங்கிக்கொண்டே போனேன். திருத்தங்கல் தாண்டியதும் இரண்டு பக்கமும் தீப்பெட்டிக் கம்பெனிகள், ஆட்களை ஏற்றி இறக்கும் வேன்கள். எதையும் ரசிக்கிற மனநிலையில் நான் இல்லை.

சண்முகராஜ் அச்சக வாசலிலேயே பெட்டியை வாங்கிக்கொண்டார். "வாங்க அண்ணாச்சி. பெட்டிய இங்கன குடுங்க, ஏசி ரூம்ல வைக்கச் சொல்றேன். வீட்டுல இலை போட்டாச்சு."

முதலில் ருசி பார்த்துவிடலாம் என்றேன். வெறும் வயிற்றோடு வந்தவரை வேலை வாங்கினால் வீட்டில் திட்டு விழும் என்றார். அந்த ஊரில் விருந்தாளி சாப்பிடாமல் பேச்சே தொடங்காது. சாப்பிட்டேன். கொஞ்சம் படுங்கள் என்றார்கள். படுத்தேன். அதுதான் நான் செய்த மடத்தனம்.

நாலரைக்கு அச்சகத்துக்குத் திரும்பினால், மாடியில் போட்டோ எடுக்கும் அறையில் என் நீல சீஸ், நாலு விளக்குகளுக்கு நடுவே வியர்த்துக்கொண்டிருந்தது. மேலே எண்ணெய் வேறு தடவியிருந்தார்கள். பக்கத்தில் நுரை பொங்கும் பீர். கீழே மூன்று காலி பாட்டில்கள். சண்முகராஜ் கொண்டுவந்ததே நாலுதான்.

போட்டோக்காரர் காஜா பாய் பெருமையாகச் சொன்னார்: "நுரை நிக்கவே மாட்டேங்குதுண்ணே. ஊத்த ஊத்த அடங்கிருது. பொறவு உப்பு போட்டேன், நின்னுருச்சு."

"இந்த சீஸ்தான் பொருந்தும்னு யார் சொன்னது?"

"மஞ்சக்கட்டி படத்துல சவுக்காரம் மாதிரி இருக்கு. மிளகு போட்டது எறும்பு மொய்ச்ச மாதிரி இருக்கு. இந்த நீலம் எம்புட்டு எடுப்பா இருக்கு, பாருங்க."

நான் கத்திய கத்தலில் சண்முகராஜ் மேலே ஓடிவந்தார். ருசி பார்க்காமல் பொருத்தம் சொல்கிற ஊர் உலகத்தில் இது ஒன்றுதான் என்றேன். அவர் கொஞ்சமும் அசையவில்லை.

"ருசி அட்டையில அச்சாகாதே அண்ணாச்சி. ஆடிப் பதினெட்டுக்கு அடுத்த வருஷக் காலண்டர் மாதிரியெல்லாம் ஆல்பமாப் போகணும். நாளைக்கு அந்த வேலை ஏறிட்டா மெஷின் நமக்குக் கிடைக்காது. அச்சுக்குப் பிளேட்டும் போட்டாச்சு."

மிச்சமிருந்த பாட்டிலை நானே திறந்தேன். நல்ல பீர், கசப்பு முன்னால் வந்து, ஆரஞ்சுத் தோல் வாசம் பின்னால் வந்தது. நீலத்தோடு குடித்தால் கசப்பு இரண்டு மடங்காகி நாக்கைப் பிடுங்கியது. மஞ்சளை வெட்டினேன். எட்டு மாதம் பழுத்தது. என் மனைவி கமலாவின் கைவேலை, அதனால் அதற்கும் கமலா என்றே பேர். அதைத் தின்று ஒரு வாய் குடித்ததும் கசப்பு அடங்கி, வறுத்த கடலை வாசம் எழுந்தது. சண்முகராஜிடம் இரண்டையும் நீட்டினேன். நீலத்துக்கு முகத்தைச் சுளித்தார். மஞ்சளுக்குக் கண்ணை மூடினார்.

"நீங்க சொல்றது சரிதான் அண்ணாச்சி. கமலாதான்."

என் கோபமெல்லாம் இறங்கிவிட்டது. அவர் கீழே போய் மெஷின் ஆளைக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஏலே, நாலு கலர் பிளேட்டுல கறுப்ப மட்டும் மாத்து. எழுத்து அதுலதான இருக்கு? பேரக் கமலான்னு போட்டுரு. படம் அப்படியே ஓடட்டும்."

நீலத்தின் படத்துக்குக் கீழே கமலாவின் பேர். பொய், பொய் என்று கத்தினேன். மெஷின் ஓடத் தொடங்கியிருந்தது. நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு இருக்கச் சொன்னார்கள். இருக்கவில்லை.

தீபாவளி கழிந்து கோவாவிலிருந்து ஒரு ஓட்டல் மேனேஜர் போன் செய்தார். இருபது கிலோ கமலா வேண்டுமாம். வாயெல்லாம் பல்லாக, மஞ்சள்தானே என்றேன். இல்லை, படத்தில் நீலமாக ஓடுகிறதே, அது என்றார். அது அந்த பீருக்குச் சேராது என்று கால்மணி நேரம் சண்டை போட்டேன். விருந்தாளிகள் படத்தைக் காட்டித்தான் கேட்கிறார்கள் என்றார்.

நீலத்தையே கட்டினேன். மேலே கமலா என்று எழுத வேண்டியிருந்தது. என் மனைவி எட்டு மாதம் பார்த்துப் பார்த்துத் திருப்பி வைத்த மஞ்சள், அலமாரியில் அப்படியே இருந்தது. நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே நின்றவள், சிவகாசிக்குப் போய் நான் எதைக் கிழித்தேன் என்று கேட்டாள்.