ஆடிக்கு முந்தின பயணம்

என் வீட்டுக்காரர் துபாய்க்குப் போனது விசிட் விசாவில். அந்த வார்த்தையை இன்றைக்குச் சொன்னாலும் எனக்கு வாய் கசக்கிறது.

நாங்கள் ஆந்திர எல்லையிலிருக்கிற நகரியில் பவர்லூம் ஓட்டுகிறவர்கள். சொந்தத் தறி கிடையாது, கூலிதான். முதலாளி பாதித் தறிகளை நிறுத்தியதும், வெளிநாடு போவதென்று இவரே முடிவு செய்தார். போ என்று நான் சொல்லவில்லை. இதை இங்கேயே அழுத்திச் சொல்லிவைக்கிறேன், அதற்குக் காரணம் இருக்கிறது.

திருப்பதியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஏஜென்ட் ஆபீஸ். நானும் இவரும் மாமியாரும் போயிருந்தோம். அந்த ஆளை நான் குறை சொல்ல மாட்டேன். தெலுங்குக்காரர்தான், ஆனால் எங்கள் தமிழிலேயே எல்லாவற்றையும் உடைத்துச் சொன்னார்.

"அண்ணன் பத்தாவது பாஸ் பண்ணலக்கா. எமிக்ரேஷன் முத்திரை வாங்கினுதான் வேலைக்குப் போவணும். அதோட அரசாங்க இன்சூரன்சும் எடுப்போம். அங்க கையி காலு போச்சின்னா, உசுரே போச்சின்னா, குடும்பத்துக்குப் பணம் வரும். எல்லாம் முடிய ரெண்டு வாரம் ஆவும்."

மாமியார் பதறிப்போனார். "ரெண்டு வாரமா? ஆடி பொறந்துடுமே!"

ஏஜென்ட் சிரித்தார். "எங்களுக்கு ஆஷாடம் இப்பவே நடந்துகினு கீது பெத்தம்மா. ரெண்டு வாரம் போனா ஷ்ராவணம், நல்ல மாசம். அப்ப அனுப்பலாம்."

"அது உங்க ஊட்டுக்கு. எங்களுக்கு ஆடி. ஆடில வாசப்படி தாண்டினா எம்புள்ள வெளங்குவானா?"

ஒரே தெருவில் இரண்டு பஞ்சாங்கம் இருக்கிற ஊரில் வாழ்ந்து பார்த்தால்தான் இந்தக் கொடுமை புரியும். தெலுங்குக்காரர்களுக்கு ஆகாத மாசமான ஆஷாடம் முதலில் வந்து முதலில் போய்விடும். எங்கள் ஆடி பின்னால் வரும். என் நாத்தனாருக்குத் தெலுங்குப் பக்கத்து மாப்பிள்ளை அமைந்தபோது, ஆடி மாசத்தில்தான் நிச்சயம் நடந்தது. அன்றைக்கு இதே மாமியார், "ஷ்ராவணம் பொறந்துடுச்சில்ல, இன்னா இப்போ?" என்று ஊரெல்லாம் வெற்றிலை பாக்கு கொடுத்தார். பெண்ணுக்கு வளைந்த பஞ்சாங்கம் பிள்ளைக்கு வளையவில்லை.

"ஆவணி வரைக்கும் இருக்கட்டும் அத்த. முத்திரையோடவே போவட்டும்" என்றேன்.

"ஆவணி வரைக்கும் அந்த வேலை காத்துகினு இருக்காதுக்கா" என்றார் ஏஜென்ட்.

"வேற வழியே இல்லியா?" என்று மாமியார் விடாமல் கேட்டார். வழி இருந்தது. விசிட் விசாவில் உடனே ஏறிவிடலாம், அங்கே போய் வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம். "ஆனா முத்திரையும் இல்ல, இன்சூரன்சும் இல்ல. இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் எம்மேல வரக்கூடாது" என்றார் அவர்.

"ஐயோ வேணாம், கையி காலுக்கு ஏதாச்சும் ஆச்சின்னா?" என்று என் வாயிலிருந்து வந்ததுதான் தாமதம். "போவறதுக்கு முன்னாடியே கையி காலு ஒடியறத பேசறியே, நல்ல வாயிடி உனக்கு" என்று மாமியார் பாய்ந்தார். நான் இவரைப் பார்த்தேன். இவர் அம்மாவைப் பார்த்தார். போச்சு, அதோடு பேச்சு முடிந்தது. ஆனி முடிவதற்குள், திருப்பதி மலையடிவாரத்து அலிபிரியில் ஒரு தேங்காயை உடைத்துவிட்டுச் சென்னைக்குப் போய் விமானம் ஏறிவிட்டார்.

விசா மாறுவதற்கு முன்பே, கட்டட வேலையில் சாரம் சரிந்து கீழே விழுந்தார். இவன் எங்கள் ஆளே இல்லை என்று கம்பெனி கைகழுவிவிட்டது. நம் பக்கத்து ஆட்கள் கூடித் திருப்பி அனுப்பிவைத்தபோது, இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. திருப்பதி பெரிய ஆஸ்பத்திரியில் ஏழைகளுக்கான வெள்ளை ரேஷன் கார்டுக்கு இலவசமாகவே புண்ணை ஆற்றிக் கொடுத்தார்கள், அதில் குறையில்லை. ஆனால் தறி ஓட்டுவது நாளெல்லாம் நின்று செய்கிற வேலை. மூத்த பெண் இன்டர், அதாவது பன்னிரண்டாவது, முடிக்கப்போகிறாள். மேலே படிப்பதா, என்னோடு தறிக்கு வருவதா என்பது அந்த இன்சூரன்ஸ் பணத்தில்தான் இருந்தது.

வராதென்று ஏஜென்ட் அன்றைக்கே சொன்னதுதான், ஆனாலும் ஏதாவது சலுகை இருக்காதா என்று சித்தூரில் ஓர் அரசாங்க ஆபீசுக்கு இவரைக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கிருந்த அம்மாள் பொறுமையாக பாஸ்போர்ட்டைப் புரட்டினார்.

"விசிட் வீசா மீத வெள்ளாரா?" விசிட் விசாவிலா போனார் என்கிறார்.

"அவுனு மேடம்" என்று ஒத்துக்கொண்டேன்.

"அயிதே இன்சூரன்ஸ் ராதம்மா."

வராது. அவ்வளவுதான். இரண்டு வாரம் பொறுத்து முத்திரையோடு போயிருந்தால் இந்தக் காலுக்குக் கட்டாயம் கிடைத்திருக்குமே, ஏனம்மா இந்த அவசரம் என்று தெலுங்கில் கேட்டார். ஆடி மாசம் பிறந்துவிடும் என்று அனுப்பிவிட்டோம் என்றேன். அவருக்கு விளங்கவில்லை. விரல் விட்டுக் கணக்குப் பார்த்துவிட்டு, "அப்புடு ஷ்ராவணமே கதம்மா, மஞ்சி நெலே கதா?" என்றார். அப்போது ஷ்ராவணம்தானே, நல்ல மாசம்தானே என்கிறார்! நான் சிரித்துவிட்டேன். சிரிக்காமல் என்ன செய்ய, அந்த மேசையில் தலையை மோதிக்கொள்ளவா?

திரும்பி வரும்போது பஸ்ஸில் இவர் மெதுவாகச் சொன்னார். "அம்மாகிட்ட இத சொல்லாத. தாங்க மாட்டாங்க."

"நான் தாங்குவேனா?" என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டில் மாமியாரோடு அக்கம்பக்கத்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நகை ஆசையில் நான்தான் இவரைத் துபாய்க்கு விரட்டினேன் என்று மாசக்கணக்காக அவர்களிடம் சொல்லிவருகிறார். என் காதுபடவே சொல்லுவார்.

"இன்னாடா ஆச்சி நைனா, இன்சூரன்சு வருமா?" என்றார் மகனிடம்.

இவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்காகத்தான் சொன்னேன். "கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான் அத்த. ஒரு பேப்பரும் குடுக்கல. பணம் வராது."

மாமியார் மார்பில் அடித்துக்கொண்டு அந்தக் கம்பெனி நாசமாகப் போகச் சாபம் விட்டார். பிறகு பக்கத்து வீட்டுக்காரி பக்கம் திரும்பினார். "அப்பேர்ப்பட்ட கம்பெனிக்கு எம்புள்ளையத் தொரத்திவிட்டவ இவதான். இனிமே அந்தப் பொண்ணு படிச்ச மாதிரிதான்."

என் பெண் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போதாவது இவர் வாயைத் திறப்பார் என்று பார்த்தேன். திறந்தார்.

"பசிக்குதும்மா, சோறு போடு" என்றார் தன் அம்மாவிடம்.

கால் போனதற்கு அழுது தீர்த்துவிட்டேன். பணம் போனதையும் பொறுத்துக்கொண்டேன். என் பெண் என்னையே முறைத்துக்கொண்டு நிற்க, அந்தச் சோற்றை இவர் நிம்மதியாகத் தின்று முடித்தாரே, அதை மட்டும் என்னால் மன்னிக்கவே முடியவில்லை.