அக்குவா என்றால் தண்ணீர்

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பிலிருந்து, கோலாலம்பூர் மேட்டில் இருந்த ஒரு துரை வீட்டுக்கு ஆயாவாகப் போனபோது எனக்குப் பத்தொன்பது வயது. துரை இங்கிலாந்துக்காரர். துரைசானி இத்தாலிக்காரி. இரண்டு வயதில் ஒரு மகள்.

துரைசானிக்கு ஆங்கிலம் தட்டுத் தடுமாறித்தான் வரும். கான்வென்டில் நாலாவதோடு நின்ற எனக்கும் அப்படித்தான். ஆங்கிலச் சொல்லும் அதற்கான இத்தாலிச் சொல்லும் உச்சரிப்போடு அச்சிட்ட சின்னப் புத்தகம் ஒன்று அவரிடம் இருந்தது. மத்தியானம் குழந்தை தூங்கியதும் இருவரும் அதை விரித்துக்கொண்டு உட்காருவோம். நான் உச்சரிப்பைத் தமிழில் எழுதிக்கொள்வேன். வாட்டர், அக்குவா. மில்க், லாத்தே. நாங்கள் மாதா கோயிலில் கும்பிடும் பீட்டர் அங்கே பியெத்ரோ, ஜான் ஜொவான்னி. அந்த இரட்டை எழுத்துகளை அழுத்திச் சொல்ல துரைக்குக் கடைசிவரை வரவில்லை. எனக்கு முதல் நாளே வந்தது. ஒருமுறை பேனா வேண்டுமா என்று கேட்டேன். துரைசானி சிரித்துவிட்டார். எழுதுவது பென்னாவாம், பேனா என்றால் அவர்கள் மொழியில் வேதனையாம்.

இரண்டு வருஷத்தில் காய்ச்சல் கண்டு ஒரே வாரத்தில் துரைசானி போய்விட்டார்.

குழந்தைக்குத் தாயின் மொழிதான் நாக்கில் இருந்தது. ஒரு மாதம் கழித்து துரை என்னைக் கூப்பிட்டார். இனி இந்த வீட்டில் ஆங்கிலம் மட்டுமே. வேறு மொழியில் எது கேட்டாலும் கொடுக்கக் கூடாது என்றார். புத்தகத்தையும் எடுத்துப் போனார். தலையாட்டினேன். ரயிலில் காலை இழந்து அப்பா வீட்டில் கிடந்தார். என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

மறுநாள் வெயிலில் விளையாடிவிட்டு ஓடி வந்தவள், "அக்குவா" என்றாள். துரை வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, "வாட்டர்" என்றேன். எனக்கு மறந்துவிட்டது என்று நினைத்தாள் போல. "அக்... குவா" என்று நிறுத்தி, அழுத்தி, பொறுமையாக எனக்குச் சொல்லிக் கொடுத்தாள்.

நான் கொடுக்கவில்லை. சாயங்காலம் பால் கொடுக்கும்வரை தாகத்தோடேயே கிடந்தாள். கிள்ளானிலிருந்து வந்த சமையல்காரர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"ஒளிச்சாவது ஒரு மடக்கு குடுத்திருக்கலாம்லா," என்றார் கடைசியில்.

"வேல போயிரும்ண்ணே," என்றேன்.

அடுத்த நாள் காலை அவள் "வாட்டர்" என்றாள். துரை பேப்பரைத் தாழ்த்தி, "குட்" என்றார். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, கிளாஸை என் நீட்டிய கையில் தராமல் தரையில் வைத்தாள். அதற்குப் பிறகு தாயின் மொழியில் அவள் என்னிடம் ஒரு சொல்கூடப் பேசவில்லை. பேச வைக்க எனக்கும் தைரியம் வரவில்லை.

ஆறு வயதில் அவளை இங்கிலாந்துக்குக் கப்பலேற்றினார்கள். துறைமுகத்திலிருந்து திரும்பியதும் துரை எனக்கு ஒரு நற்சான்றுக் கடிதம் எழுதிக் கொடுத்தார். குழந்தைக்குச் சுத்தமான ஆங்கிலம் பழக்கியவள் என்று அதில் இருந்தது. கிழித்துப் போட வேண்டும் என்று பலமுறை நினைத்தேன். அதைக் காட்டித்தான் அடுத்த வீட்டில் வேலைக்குச் சேர்ந்தேன்.