ஃபைனலுக்கு முன் நான் சுற்றிய டேப்

அந்த வருஷம் எங்கள் கல்லூரிப் பெண்கள் பாஸ்கெட்பால் டீம் ஒரு மேட்சில்கூடத் தோற்கவில்லை. திருவனந்தபுரத்தில் ஃபைனல். நான் கேப்டன். பாயிண்ட் எடுப்பதெல்லாம் ஜெனி. விழிஞ்ஞத்தில் கட்டட வேலை பார்க்கும் அவள் அப்பா, மகளின் ஆட்டத்தைப் பார்க்க அன்றுதான் முதல்முறையாக வந்திருந்தார்.

டீமில் எல்லோருக்கும் முட்டியில் டேப் சுற்றிவிடுவது என் வேலை. செமிஃபைனலில் விழுந்ததிலிருந்து ஜெனியின் இடது முட்டி வீங்கியிருந்தது. அன்று என் விரல் பட்டதற்கே அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

"இன்னைக்கு மேட்ச் மட்டும் களிச்சிடறேன்டி. சார்கிட்ட பறயாத," என்றாள்.

வாசலில் நின்ற கோச், "ஜெனிக்கு முட்டியில குழப்பம் ஒண்ணும் இல்லல்லோ?" என்று என்னைத்தான் கேட்டார்.

"ஒண்ணும் இல்ல சார்," என்றேன். அவளுக்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்று பல நாள் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். உண்மையில் எனக்குக் கப் வேண்டியிருந்தது.

ஜெயித்தோம். அவள் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம் பொண்ண நல்லா பாத்துக்கிட்ட மோளே," என்றார்.

ஜெனி அதன்பிறகு ஆடவே இல்லை. இரண்டு ஆபரேஷன் ஆயிற்று. இப்போது திருவனந்தபுரம் பக்கம் கழக்கூட்டத்தில் வேலை. ஒரு மாடி ஏறவும் அவளுக்கு லிஃப்ட் வேண்டும். என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.

கப்போடு எடுத்த படத்தில் அவள் என் தோளில் கை போட்டுச் சிரிக்கிறாள். பார்ப்பவர்கள் எங்கள் சிநேகத்தை மெச்சுகிறார்கள். இடது காலைத் தரையில் ஊன்ற முடியாமல்தான் அவள் என்னைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.