அலரித் தடியால் கட்டிய குழை

எங்கள் கிணற்றடியில் ஒரு செவ்வலரி நின்றது. சோளகக் காற்று தொடங்கினால் நெடுந்தீவில் புல்லெல்லாம் கருகிவிடும். அந்த நாட்களிலும் குளிக்கிற தண்ணீர் வேரடிக்கு ஓடுவதால் அது மட்டும் இளஞ்சிவப்பாகக் கொத்துக் கொத்தாய்ப் பூத்துக்கொண்டு நிற்கும். கோயிலுக்குப் பூ எடுப்பதைத் தவிர அதை ஒருவரும் தொடுவதில்லை. ஆடு மாடு கடிக்காது என்பதால்தான் எங்கள் பக்கத்தில் கல்வேலி ஓரமாக அலரி வைப்பார்கள். அது நஞ்சு என்று எனக்கும் தெரியும்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. சண்டையால் தீவுக்குப் பால்மா வருவது நின்றிருந்தது. அத்தான் கொழும்பில் அகப்பட்டுப்போனார். அக்காவுக்குக் காய்ச்சல் வந்து பால் வற்றிவிட்டது. அவளுடைய ஐந்து மாதக் குழந்தை எங்கள் ஒரே ஆட்டின் பாலில்தான் வளர்ந்தது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு ஆடு பார்ப்பதுதான் வேலை. பால் குறைந்துவிடுமோ என்று ஒரு நாளைக்குப் பத்துத் தரம் மடியைத் தடவிப் பார்ப்பேன்.

"விடடி அதை. நீ தடவித் தடவியே அதின்ரை மடி வத்தப்போகுது" என்று அக்கா ஏசுவாள்.

இலைதழைக் குழையை நிலத்தில் போட்டால் ஆடு மிதித்துவிட்டுத் தின்னாது. கட்டாகக் கட்டி, வாய் எட்டும் உயரத்தில் தொங்கவிட வேண்டும். கட்டுவதற்குப் பனைநார். அன்று பின்னேரம் நார் இருக்கவில்லை. கிடந்ததை வேலிப் படலைக்குக் கட்டிவிட்டேன். பூப் பறிக்கையில் முறிந்த அலரிக் கொப்பொன்று கையில் இருந்தது. பச்சைத் தடி, நன்றாக வளைந்தது. இலையையும் பூவையும் ஒன்று விடாமல் உருவினேன். நஞ்சு இலையில்தான் என்று என் எண்ணம். எப்படியும் ஆடு அலரியைக் கடிக்காதுதானே? தடியை முறுக்கிப் பூவரசங்குழையைக் கட்டித் தொங்கவிட்டேன்.

விடியுமுன் இருட்டோடு பால் கறந்து, காய்ச்சிக் கொடுத்தேன். குழந்தை முழுவதையும் குடித்தது. பிறகு கொட்டிலுக்குப் போனால் ஆடு தலையைத் தொங்கப்போட்டு நிற்கிறது. வாயால் நுரை. குழை முடிந்திருந்தது. கட்டின தடி பட்டையெல்லாம் சப்பப்பட்டு, எலும்பு மாதிரி வெள்ளையாகத் தொங்கியது.

அக்காவிடம் சொல்லாமல், ஊரில் வைத்தியம் பார்க்கும் பரியாரியார் வீட்டுக்கு ஓடினேன். காற்றும் தடையுமாக மூன்று நாளாய் வள்ளம் ஓடவில்லை. பெரியாஸ்பத்திரி கடலுக்கு அங்கால். அவரை விட்டால் வேறு ஆள் இல்லை.

"ஆடு அலரி திண்டிட்டுது ஐயா."

"ஆடு அலரி தின்னாது மோனை."

"குழை கட்டின தடி ஐயா. நான்தான் கட்டினனான்."

அவர் வெற்றிலையைத் துப்பினார். "ஊரிலை நாருக்கும் பஞ்சம் வந்திட்டுதோ? ஆட்டுக்கு என்னாலை ஒண்டும் செய்ய ஏலாது."

"பால் கறந்து பிள்ளைக்குக் குடுத்திட்டன்."

அவர் சால்வையைக்கூட எடுக்காமல் எனக்கு முன்னால் நடந்தார்.

குழந்தையின் நாடியைப் பிடித்துக்கொண்டு அவர் வெகுநேரம் இருந்தார். நான் அவருடைய முகத்தையே பார்த்தேன். "இப்ப பிழையில்லை. பொழுதுபடும்வரை கொதிச்சாறின தண்ணியைத் தவிர ஒண்டும் குடாதையுங்கோ. நித்திரை கொள்ளவும் விடாதையுங்கோ. நித்திரையோ மயக்கமோ எண்டு தெரியாமல் போயிடும்."

"ஏன், பிள்ளைக்கு என்ன?" என்று அக்கா பாயில் எழுந்து உட்கார்ந்தாள். நான்தான் சொன்னேன். அவள் என்னை அடிக்கவில்லை. குழந்தையை வாரி எடுத்து, "நீ இஞ்சாலை வராதை" என்றாள்.

அந்தப் பகல் முழுக்க நான் வாசலுக்கு வெளியே நின்றேன். பசியில் குழந்தை கத்தும்போது எனக்கு மூச்சு வரும். ஓய்ந்தால் என் நெஞ்சும் நின்றுவிடும். உள்ளே அக்கா பாதத்தைச் சுண்டுவாள், திரும்பவும் கத்தும். மத்தியானத்துக்குப் பிறகு ஆடு கால்களை உதைத்துக்கொண்டு செத்தது. ஆட்டுக்கு வந்தது குழந்தைக்கும் வருமென்று அந்த நாலு காலையும் பார்த்துக்கொண்டு நின்றேன். கத்திக் கத்திக் குழந்தையின் தொண்டை அடைத்து, சத்தம் பூனைக்குட்டியினுடையது போல ஆகிவிட்டது.

பொழுதுபட்டபின் பரியாரியார் திரும்ப வந்து பார்த்தார். "இனி நித்திரையாக்குங்கோ. தப்பிட்டுது." ஆட்டை அவரே ஆள் பிடித்துக் கிடங்கு வெட்டிப் புதைப்பித்தார். தடியை எரிக்க எனக்குப் பயம், புகை உள்ளே போய்விடும் என்று. அதையும் அந்தக் கிடங்கிலேயே போட்டேன்.

விடிந்ததும் செம்பை எடுத்துக்கொண்டு பால் கேட்கப் போனேன். மூன்று வீட்டில் இல்லை என்றார்கள். கரையடியில் மீன்காரர் வீட்டு அக்கா கொஞ்சம் ஊற்றினாள்.

"அக்கா, குழையை என்னத்தாலை கட்டுறனீங்கள்?"

"பாலுக்கு வந்தவள் கயிறு விசாரிக்கிறாள்! ஏனடி, ஆட்டையும் அவிட்டுக்கொண்டு போகப்போறியோ?"

அவளுடைய கொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தேன். பழைய வலைக்கயிறு. அப்படியும் மனம் கேட்கவில்லை. வரும் வழியில் அந்தப் பாலில் ஒரு மிடறு குடித்துவிட்டு, எங்கள் கல்வேலிக்கு வெளியே குந்தினேன். உள்ளே குழந்தை பாலுக்கு அழுதது. "எங்கையடி நிக்கிறாய்?" என்று அக்கா கூப்பிட்டாள். வேலிக்கு மேலால் அலரிப்பூ தெரிந்தது. எனக்கு ஏதாவது செய்கிறதா என்று இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.