முன்னால் நடந்த மெஹ்தி

பாகிஸ்தானின் வடக்கு மலையோரத்தில் இருக்கிற எங்கள் அஸ்கோலேயில் மெஹ்தி என்று கேட்டால் நாலைந்து பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ‘முன்னால் நடக்கிற மெஹ்தி’ என்றால்தான் சரியான ஆள் கிடைப்பான். வெளிநாட்டுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு பியாஃபோ பனியாற்றில் ஏறி, ஹிஸ்பர் கணவாயைத் தாண்டி அந்தப் பக்கத்து ஊரில் இறக்கிவிடுவது அவன் வேலை. கயிற்றில் முதல் ஆள் அவன். அவன் கால் பதிந்த குழியில்தான் மற்றவர்கள் கால் வைக்க வேண்டும். பனிக்கு அடியில் வெடிப்பு எங்கே வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது என்பது மேலே ஓடுகிற மெல்லிய நிழலில்தான் தெரியும். அதைப் பார்க்கிற கண் அவனுக்கு இருந்தது. முன்னால் போகிறவனை விருந்தாளிகள் எதிரில் யாரும் குறை சொல்லக் கூடாது. மலைக்குக் கூடப் போகிற எங்களுக்குள் அப்படி ஒரு கட்டுப்பாடு. அவன்மேல் நம்பிக்கை போய்விட்டால் சாகிப்மார்களுக்குக் கால் நடுங்கும். ஒருவர் கால் நடுங்கினால் கயிற்றில் உள்ள அத்தனை பேருக்கும் ஆபத்து.

பனியில் பட்டுத் தெறிக்கிற வெயில் கண்ணைச் சுடாமல் இருக்க, ஒவ்வொரு வருஷமும் கிளம்புகிற அன்று எல்லாருக்கும் புதுக் கறுப்புக் கண்ணாடி கொடுப்பார்கள். கொடுத்ததை எவனாவது போடுவானா? ஸ்கர்தூ கடைவீதியில் விற்கலாம் என்று பத்திரமாக வீட்டில் வைத்துவிட்டுப் பழசை மாட்டிக்கொண்டு வருவான். மெஹ்தி அவர்களை நிற்கவைத்துத் திட்டுவான்.

“கண்ணு போச்சுன்னா அதையும் கடையில போய் வாங்குவியாடா, கழுதை?”

ஊருக்குத்தான் உபதேசம்! அந்த வருஷம் அவன் அக்கா மகன் நிசாருக்குக் கல்யாணம். குதிரைமேல் உட்கார்ந்து போட்டோ எடுக்கக் கறுப்புக் கண்ணாடி வேண்டும் என்று மாப்பிள்ளை ஒற்றைக்காலில் நின்றான். தாய்மாமன் மாட்டேன் என்பானா? புதுக் கண்ணாடியை அவனிடம் கொடுத்துவிட்டு, ஒரு பக்கம் உடைந்துபோன பழசில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

வந்திருந்தவர்கள் கொரியாக்காரர்கள், நாலு பேர். மெஹ்தியை ‘புலி, புலி’ என்று கூப்பிட்டுப் படம் பிடித்துக்கொண்டே வந்தார்கள். கணவாய்க்குக் கீழே கடல் மாதிரி விரிந்துகிடக்கும் பனிவெளியில் அன்றைக்கு மேகமே இல்லை. பிளாஸ்திரி எப்போது கழன்று விழுந்தது என்று அவனுக்கே தெரியாது. சாயங்காலம் கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டதுபோல் எரிந்தது. மறுநாள் காலையில் கண்ணைத் திறந்தால் தண்ணீராகக் கொட்டியது. வெள்ளை மூட்டத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

சமையல்காரன் யாகூப் உப்புச் சாயாவோடு வந்தான். மெஹ்தியின் மனைவி ஜஹராவின் தம்பி அவன். மெஹ்தி கோப்பையை வாங்கக் கையை நீட்டினான். கை கோப்பையைத் தாண்டிப் போய்ச் சாயா முழுக்க மணிக்கட்டில் கொட்டியது.

“கண்ணுல என்ன மச்சான்?”

“அடுப்புப் புகை. நீ மூட்டுற அடுப்புல வேற என்ன வரும்?”

“தேயிலைய வேகவச்சு ஒரு கட்டுப் போடட்டுமா? இன்னிக்கு ஒரு நாள் இங்கயே படுத்துக்கலாமே.”

“உன் வேலையப் பாரு.”

சொல்லியிருக்கலாம். ஒரு நாள் படுத்திருந்தால் கண் சரியாகியிருக்கும். ஆனால் சொன்னால் என்ன ஆகும்? அவனிடம் திட்டு வாங்கிய சுமைக்காரர்கள் குளிர்காலம் முழுக்கச் சிரித்தே கொல்வார்கள். புலி குருட்டுப் பூனையாகிவிடும். இந்த வழி எனக்குத் தூக்கத்திலும் தெரியும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு கயிற்றைக் கட்டிக்கொண்டான்.

எப்போதும் கடைசியில் வருகிற யாகூப், பாத்திர மூட்டையோடு அவனுக்கு அடுத்த ஆளாக வந்து நின்றான். கணவாய் ஏறி மறுபக்கம் இறங்கும் வரைக்கும் ஊர்க்கதை பேசுகிறவன் மாதிரி வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தான்.

“இடது பக்கம் பனி கொஞ்சம் பள்ளமா இருக்குல்ல மச்சான்? நிசார் கல்யாணத்துக்கு எத்தன ஆடு வெட்டுறாங்க? அந்த மேட்டுப் பக்கமாப் போனா நல்லாருக்கும்போல.”

அதுவரைக்கும் மெஹ்தி அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டே நடந்தான். பிறகு பின்னால் யாரோ சிரிப்பது காதில் விழுந்தது. தன்னைப் பார்த்துத்தான் என்று நினைத்துக்கொண்டான். சுர்ரென்று ஏறியது கோபம்.

“வாய மூடிட்டு வா! முன்னாடி போறவன் நானா, நீயா?”

யாகூப் வாயை மூடிக்கொண்டான்.

கொஞ்ச தூரம்தான் போயிருப்பார்கள். மெஹ்தி கம்பால் குத்திப் பார்த்துவிட்டுக் காலை வைத்தான், பனி தாங்கியது. மூட்டையோடு வந்த யாகூபைத் தாங்காமல் வெடிப்பு வாயைத் திறந்தது. பாத்திரங்கள் உருண்ட சத்தமும் ஓர் அலறலும் கேட்டன. கயிறு இடுப்பை வெட்டி இழுத்தது. மெஹ்தி குப்புற விழுந்து, கம்பைப் பனியில் குத்திப் பிடித்துக்கொண்டு கிடந்தான். மற்றவர்கள் ஓடிவந்து யாகூபைத் தூக்கினார்கள். உயிர் இருந்தது. முழங்காலுக்குக் கீழே கால் வேறு பக்கம் திரும்பியிருந்தது.

கொரியாக்காரர்கள் மெஹ்தியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ‘புலி’ என்று ஒருவர் அழுதேவிட்டார். இவன் கண்ணிலிருந்து கொட்டிய தண்ணீரையும் பாசம் என்று நினைத்துப் படம் பிடித்தார்கள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம்போல் இருந்தது மெஹ்திக்கு. தடவித் தடவி யாகூபின் தலைமாட்டுக்குப் போய் உட்கார்ந்தான்.

“உனக்குத் தெரியுமா?”

“சாயாவக் கையில ஊத்திக்கிட்டப்பவே தெரியும். நம்ம ஆளுங்க எல்லாருக்குமே தெரியும். முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்க முடியுமா மச்சான்?”

“அப்ப ஏன்டா யாருமே சொல்லல?”

“நான் சொல்லிட்டேதானே வந்தேன். வாய மூடுன்னே.”

அதில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். மெஹ்தி எழுந்து கொரியாக்காரர்கள் இருந்த பக்கம் திரும்பினான். யாகூப் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

“எங்க போற? சொல்லிக்கில்லித் தொலைக்காத. ஜஹரா அக்கா காதுக்குப் போச்சுன்னா உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டா. நீதான் புடிச்சு நிறுத்தினேன்னு நான் சொல்லிக்கிறேன். அது பொய்யும் இல்லையே.”

மெஹ்தி உட்கார்ந்துவிட்டான். அப்படி உட்கார்ந்ததைத்தான் இன்றைக்கு வரைக்கும் அவனால் மன்னிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு அவன் கயிற்றில் முன்னால் போனதில்லை. முழங்கால் வலி என்று சொல்லிக்கொண்டு கோதுமை வயலோடு இருந்துவிட்டான். யாகூபின் கால் கோணலாகவே கூடியது. பனிக்குப் போகிற பிழைப்பு அதோடு முடிந்தது. பெருநாளுக்கு இருவரும் ஒரே தட்டில்தான் சாப்பிடுவார்கள். யார் வந்தாலும் ஜஹரா அந்தக் கதையை ஆரம்பித்துவிடுவாள்.

“என் தம்பி இன்னிக்கு உசுரோட உக்காந்திருக்கான்னா இந்த மனுசனாலதான். நீங்களே சொல்லுங்களேன், எப்படிப் புடிச்சீங்க?”

மெஹ்தி தட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பான். கோணல் காலை ஓரமாக நீட்டிக்கொண்டு யாகூப்தான் சொல்வான், ஒவ்வொரு தடவையும், ஒரு சொல்கூட மாற்றாமல். ஜஹரா கண்ணைத் துடைத்துக்கொண்டு, நல்ல கறித் துண்டாகப் பார்த்து எடுத்துப் புருஷன் பக்கம் வைப்பாள். அவன் தின்பான்.