படகுப் பிரசவத்துக்கு ஐந்து நிமிடம்

என் மகள் கடலில் பிறந்த அன்று அந்தப் படகில் எத்தனை பேர் இருந்தார்கள்? இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் கண்ணைத் திறக்கவில்லை.

எங்கள் நெடுந்தீவிலிருந்து அக்கரையில் இருக்கும் குறிகாட்டுவானுக்குப் படகில் ஒரு மணி நேரம். அவள் பாதி வழியிலேயே வந்துவிட்டாள். இப்போது பத்து மாதம். வரும் வெள்ளிக்கிழமை தாய்மார் கூட்டத்தில் அந்த அனுபவத்தைப் பற்றி ஐந்து நிமிடம் பேசும்படி மிட்வைஃப் அக்கா கேட்டார்.

“நேரத்தோட அக்கரை ஆசுபத்திரிப் பக்கம் போய் நில்லுங்கோ எண்டு நான் சொன்னாக் கேக்கமாட்டினம். நீர் சொல்லும்.”

ஓம் என்றேன். செய்தி பரவியது.

முதலில் எதிர்வீட்டு அண்ணை வந்தார். “தங்கச்சி, அண்டைக்குக் குடை பிடிச்சது நான்.” எழுதிக்கொண்டேன். பிறகு, சீலையால் மறைத்துப் பிடித்த அக்கா. அது தன்னுடைய சீலை என்று அவரது மச்சாள். பிள்ளையைக் கையில் ஏந்தியவர்கள் மட்டும் நான்கு பேர். அன்று படகைத் தவறவிட்ட ஐயா ஒருவரும் வந்தார். “என்ர இடத்திலதானே, பிள்ளை, உம்மைக் கிடத்தினது.”

எங்கள் பக்கத்தில் மேடையேறினால், எல்லோரையும் ‘அவர்களே’ போட்டு விளித்த பிறகுதான் விஷயத்துக்குப் போகலாம். ஒருவரை விட்டால் அவர் பிறகு முகம் கொடுத்துக் கதைக்கமாட்டார். குசினி அடுப்படியில் நின்று வாசித்துப் பார்த்தேன். ‘குடை பிடித்த அண்ணை அவர்களே, சீலைக்குச் சொந்தக்காரியான அக்கா அவர்களே, படகைத் தவறவிட்ட ஐயா அவர்களே...’ நாலே முக்கால் நிமிடம். மிச்சக் கால் நிமிடத்தில் மகள் பிறக்க வேண்டும்.

“கெதியா வாசியும்,” என்றார் கணவர். “பிள்ளையும் கெதியாத்தானே வந்தது.”

உண்மையில் சொல்லவேண்டியது வேறு. பிரசவத்துக்கு இரண்டு கிழமைக்கு முன்பே என்னை அக்கரைக்குப் போகச் சொல்லியிருந்தார்கள். எங்கள் மாடு கன்று போட இருந்தது. “கண்டு போட்டதும் போகலாம் பிள்ளை, பால் கறக்க உம்மட கைக்குத்தானே அது நிக்கும்,” என்றார் மாமி. காத்திருந்தேன். நான் வலியோடு படகேறிய பிறகுதான் மாடு கன்று போட்டது. மகள் பிறந்து கொஞ்ச நேரம் அழவில்லை. அந்த நேரத்தைப் பற்றி மட்டும் நான் யாரிடமும் கேட்டு எழுதத் தேவையில்லை.

மாமிக்குப் பேச்சை வாசித்துக் காட்டினேன். “எல்லாம் சொல்லும். மாட்டை மட்டும் இழுக்காதையும், நாவூறு கண்ணூறு படும்.”

நேற்றுக் கடையில் ஒரு நிறைமாதப் பெண்ணைக் கண்டேன். “ஆடு குட்டி போட்டதும் போவம் எண்டிருக்கிறன் அக்கா. உங்களுக்கும் ஒண்டும் நடக்கேல்லைத்தானே,” என்றாள். அங்கேயே சொல்லியிருக்கலாம். கூட்டத்தில் சொல்வோம் என்று சிரித்துவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கு இன்னும் நான்கு நாள். வாசிக்கும் நீங்கள் சொல்லுங்கள். ஒருவரையும் விளிக்காமல் மாட்டிலிருந்தே தொடங்கட்டுமா? அல்லது இன்றைக்கே அவள் வீட்டுக்குப் போய், ஆட்டை நான் பார்த்துக்கொள்கிறேன், நீர் படகேறும் என்று சொல்லிவிடட்டுமா?